படித்துக் காட்டச் சொன்னவர்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் பிரசவத்தில் போனபோது விட்டுப்போனது. ஐந்தில் ஒன்றுகூட யார் வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் தப்பு ஒன்று வரப்போகிறது. அதைக் கேட்டுவிட்டு என்னை எடை போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழில் கையெழுத்துப் போடுவேன். மலையாளம் பேச்சு நன்றாக வரும், எழுத்து வராது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். வீட்டுக்காரர் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டர். அவர் போன பிறகு கரமனை அக்ரகாரத்தில் ஒரு மாமி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மாமியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் சொல்லமாட்டேன். அவரைக் கேட்காமல் அவர் பெயரை ஒரு தாளில் எழுதக் கூடாது. கேட்க இப்போது அவர் இல்லை.

மாமி கோர்ட்டில் டைப் அடித்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி ஆள். யார் எதை எழுதினாலும் அதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்வார். இதுதான் மாமி. மீதி எல்லாம் இதற்குள்தான்.

கடைக்குப் போனில் சாமான் சொன்னால், கடைக்காரர் எழுதி முடித்ததும், "இப்போ நீ வாசி, நான் கேக்கறேன்" என்பார். உளுந்து, கடுகு, வெல்லம் என்று அந்தப் பக்கம் அவர் ஒப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து எழுதி நீட்டினால் வாங்கமாட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று வாயால் சொல்லச் சொல்வார். ஒரு சின்ன வயது டாக்டர் கோபப்பட்டு, மருந்துக் கடையில் வாசிப்பார்கள் என்றார். அவர்கள் வாசிப்பது எனக்குத் தெரியும், நீங்கள் எழுதினது உங்களுக்குத் தெரியுமா என்று மாமி கேட்டுவிட்டார். வெளியில் வந்து நான்தான் வெட்கப்பட்டேன்.

என் மூன்றாவது பெண் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் சரிபார்க்க மாமியும் கூட வந்தார். மூத்த மருமகன் படித்தவர், முதல்நாளே பார்த்துவிட்டார் என்று சொன்னேன். கேட்கவில்லை. அச்சகக்காரரை உட்காரவைத்துப் பிள்ளையார் சுழியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கவைத்தார். ஒரு தப்பும் இல்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இல்லேன்னு இப்போதானே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

யாரையும் நம்பாத பிறவி என்றுதான் நினைத்தேன். நான் தெருச் செய்தி கொண்டுபோனால், "நீ பார்த்தயா, யாரானும் சொன்னாளா?" என்பது முதல் கேள்வி. சொன்னார்கள் என்றால் அத்தோடு செய்தி செத்தது. பார்த்தேன் என்றால் எங்கே நின்று பார்த்தாய், எப்போது பார்த்தாய் என்று ஆரம்பிக்கும். நம்பாதவர்களை எனக்கும் நம்பப் பிடிக்காது. பூட்டின பீரோவைப் போல ஒருத்தி வீட்டில் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தோன்றும் அல்லவா.

ஒருநாள் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். ரேடியோவில் யாருக்கோ தூக்குத் தண்டனை என்று செய்தி வந்தது. மாமி கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார், சர்வீஸில் ஒரு தடவை அவரும் அப்படி ஒரு தீர்ப்பு டைப் அடித்தாராம். ஜட்ஜி சொல்லச் சொல்ல அடித்தாராம்.

"ஒரு எழுத்து மாறலை. கை நடுங்கலை, கேட்டயா. ஆத்துக்கு வந்து சாதம் சாப்பிட்டேன்."

அவனைத் தூக்கில் போட்டார்களா என்று கேட்டேன்.

"தெரியாது. கேக்கலை."

வெல்லம் அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று இரண்டு தரம் கேட்கிற மனுஷி இதைக் கேட்கவில்லையாம். நான் நம்பவில்லை. இதில் என்னவோ இருக்கிறது என்று மனதில் முடிந்துவைத்தேன்.

இனி டீச்சரம்மாவைச் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் தனியாக இருந்தவர். என் இரண்டாவது பெண்ணுக்கு மூன்று வருஷம் சும்மா கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மகன் வெளியூரில். ஒரு ஐப்பசியில் நான் என் தங்கச்சி வீட்டுக்கு ஊருக்குப் போய்விட்டு எட்டு நாள் கழித்துத் திரும்பினேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பூக்காரி மலையாளத்தில் சொன்னாள்: ஒன்றாம் தேதி காலையில் டீச்சரம்மாவைத் தலையில் அடித்துக் கொன்றுவிட்டு வளையலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பூக்காரி கையைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் மாசப்பிறப்பு அன்று காலையில், கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, டீச்சரம்மா வீட்டுப் பக்கவாட்டுக் கேட்டிலிருந்து ஒரு ஆள் வெளியே வருவதைப் பார்த்திருந்தேன். கையில் துணிப்பை. பக்கத்து வீட்டில் பெயிண்ட் வேலைக்கு வந்த பையன், எங்கள் ஊர்ப் பக்கம். என்னைப் பார்த்து, "என்ன ஆச்சி, கோயிலுக்கா?" என்றுகூடக் கேட்டான். அன்றைக்கு மத்தியானம்தான் நான் ஊருக்கு பஸ் ஏறினேன்.

பூக்காரியிடம் சொன்னேன். அவள் தெருவுக்குச் சொன்னாள். தெரு போலீசுக்குச் சொன்னது. ஸ்டேஷனில் ஒருவர் கேட்டுக் கேட்டு மலையாளத்தில் எழுதினார். என்றைக்கு என்றார். மாசம் ஒன்று என்றேன். சுவர் காலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் தேதி போட்டுக்கொண்டார். கடைசியில் மடமடவென்று ஒருதரம் வாசித்து, "ஒப்பிட்டோ" என்று பேனாவை நீட்டினார். என் தமிழ்க் கையெழுத்தை அழகாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்ட முதல் கேள்வி, "வாசிச்சுக் காட்டினாளா?"

ஆமாம் என்றேன். வாசித்தது உண்மை. அந்த வேகத்தில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அந்தப் பையனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அப்போது கரமனையில் எல்லோருக்கும் இதே பேச்சு. ரேஷன் கடை வரிசையில் ஒரு ஆட்டோக்காரர், கோர்ட் எதற்கு, ஜங்ஷனில் தொங்கவிட வேண்டும் என்றார். இன்னொருவர், சாவுக்குச் சாவு என்றால் ராஜா காலத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்றார். எல்லோரிலும் சத்தமாகப் பேசினது நான்தான். எங்கள் ஊர்க்காரன் என்பதால் எனக்கு இரண்டு மடங்கு ரோஷம். "எங்க ஊர்க்காரன்னு பாக்காதீங்க. கயித்துல போட்டாத்தான் நாலு பேருக்குப் பயம் வரும்" என்றேன். மாமி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். சர்க்கரைப் பையை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

கேஸ் விசாரணைக்கு வர மூன்று வருஷம் ஆனது. கூண்டில் ஏறிச் சொன்னேன். போலீஸ் எழுதின தேதியை வக்கீல் வாசித்து, இந்த நாள்தானே என்றார். இங்கிலீஷ் தேதி எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது, ஆமாம் என்றேன். நான் இறங்கும்போது அந்தப் பையன் அந்தப் பக்கக் கூண்டிலிருந்து தமிழில் சொன்னான்: "ஆச்சி, அது முந்தின நாளு. தண்ணி எடுக்கப் போனேன். யோசிச்சுப் பாருங்க." பேசக் கூடாது என்று அவனை அதட்டினார்கள். நான் சொன்னதை டைப் அடித்து வாசித்தார்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பாத்திரம் தேய்த்தபடி இதை மாமியிடம் சொன்னேன். என்ன துணிச்சல் பாருங்கள், நடுக் கோர்ட்டில் நின்று நாளை மாற்றுகிறான் என்று சிரித்தேன். மாமி டம்ளரை வைத்துவிட்டார்.

"என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் போனால், மாமி வீட்டுக் கூடத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வடித்த காது தொங்குகிற, எங்கள் பக்கத்துக் கிழவி. கையில் காப்பி டம்ளர். என்னைக் கண்டதும் மாமி எழுந்து இடைக்கதவைச் சாத்தினார். அவள் போன பிறகு யார் என்று கேட்டேன். "தண்ணி கேட்டு வந்தா" என்றார். தண்ணி கேட்டு வந்தவளுக்குக் கூடத்தில் காப்பியா? கடையில் விசாரித்தேன். பெயிண்டர் பையனின் அம்மா.

அன்றைக்கே என் மனதில் ஒட்டிக்கொண்டது. மாமி அந்தப் பக்கம் போய்விட்டார். என்ன கொடுத்தார்கள், எதற்காக, தெரியாது. என் வாயைக் கிளறுவது அதற்குத்தான்.

தீர்ப்பு வந்தது. தூக்கு. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், நீங்கள் இல்லாவிட்டால் தப்பியிருப்பான் என்றார்கள். டீச்சரம்மா மகன் என் வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல மாட்டேன், தலை நிமிர்ந்து நடந்தேன்.

பத்து நாள் கழித்து, பரணில் ஏற ஆள் கூப்பிட்டு ஒரு பழைய காலண்டர் கட்டை இறக்கிவைத்திருந்தார் மாமி. இங்கே எல்லா வீட்டிலும் தொங்குமே, அந்தப் பெரிய மலையாளக் காலண்டர். பால் வராத நாளுக்கு ஒரு கோடு, நான் வராத நாளுக்கு ஒரு வட்டம், பென்சிலில் போடுவது மாமி வழக்கம். டீச்சரம்மா செத்த வருஷத்துத் தாளை மேஜையில் விரித்தார்.

"இங்கே பாரு. துலாம் ஒண்ணு. டீச்சர் போன அன்னிக்கு. இதுல வட்டம் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. துலாம் என்பது நம் ஐப்பசிதானே, ஒன்றாம் தேதி காலையில் இங்கே வேலை செய்துவிட்டுத்தானே ஊருக்குப் போனேன் என்றேன்.

"அந்த மாசம் உனக்கு ஒண்ணு முந்தின நாளே வந்துடுத்து."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கரமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சில மாதங்களில் மாசப்பிறப்பு மத்தியானத்துக்கு மேல் சாயங்காலத்துக்குள் விழுந்துவிடும். தமிழ்க் கணக்குக்கு அன்றைக்கே ஒன்றாம் தேதி. மலையாளக் கணக்குக்கு மறுநாள்தான். என் வீட்டில் தொங்குவது ஊரிலிருந்து வருகிற தமிழ்க் காலண்டர். என் ஒன்றாம் தேதிக்கு நான் கோயிலுக்குப் போனேன், அவனைப் பார்த்தேன், பஸ் ஏறினேன். பூக்காரியின் ஒன்றாம் தேதியில் டீச்சரம்மா செத்தபோது நான் வள்ளியூர்ப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அவள் ஒன்று என்று சொன்னதும் என் ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டேன்.

ஆனாலும் விடவில்லை. "பென்சில் வட்டம்தானே மாமி. எப்ப வேணா போடலாம்" என்றேன்.

மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. இருபது வருஷத்தில் அவரைச் சந்தேகப்பட்டு முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தரம். அந்தக் கிழவியைப் பற்றியும் மாமியிடம் கேட்டேன். என்னைத் தேடி வந்தவளாம். சாட்சியை நீ பார்க்கக் கூடாது, அது உன் பிள்ளைக்குத்தான் கெடுதல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். நாள் தப்பாகவே இருக்கட்டும், அவன் செய்யாதவன் என்று ஆகிவிடுமா, டீச்சரம்மா செத்தது பொய்யா, அப்படிப்பட்டவனுக்குக் கயிறு இல்லாமல் வேறு என்ன என்று கத்தினேன்.

மாமி மெதுவாகத்தான் சொன்னார்.

"ஜெயில்ல இருந்தா, இன்னிக்கு இல்லாட்டா பத்து வருஷம் கழிச்சும் நீ போய் நாள் மாறிடுத்துன்னு சொல்லலாம் பேச்சி. தூக்குல போட்டுட்டா யார்கிட்டே போய்ச் சொல்லுவே?"

துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பதினோரு நாள் போகவில்லை.

நான் பொய்க்காரி ஆவேன். போலீஸ் என்னையே பிடித்து உள்ளே போட்டாலும் போடும். டீச்சரம்மா மகன் முகத்தில் எப்படி முழிப்பது? என் பிள்ளைகளிடம் கேட்டேன். சும்மா இரு, பெரிய கோர்ட்டில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். நாலாம் நாள் தங்கச்சிக்குப் போன் போட்டேன். வேறு எதுவும் சொல்லாமல், அந்த ஐப்பசியில் நான் என்றைக்கு வந்தேன் என்று மட்டும் கேட்டேன்.

"மாசப்பிறப்பு அன்னைக்குத்தான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தே. மறுநாளுல்லா பேரனுக்கு மொட்டை போட்டோம். நீதானே மடியில வச்சிருந்தே."

மாமி உன்னிடம் ஏதாவது பேசினாரா என்றும் கேட்டேன். எந்த மாமி என்றாள். மொட்டை போட்ட பிள்ளையின் ஈரத் தலை என் மடியில் இருந்தது எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏழு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஏழு நாள்தான் என் தப்பு. நாள் மாறினது தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். தெரிந்த பிறகு ஏழு நாள் ஒரு ஆளின் கழுத்தை என் கௌரவத்துக்குக் கீழே வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் போனேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு குடையோடு வந்தார். அந்தப் பையனுக்கு ஆஜரான வக்கீலிடம் போய்ச் சொன்னோம். காலண்டர் தாளை மாமி கொடுத்தார். எர்ணாகுளத்துப் பெரிய கோர்ட் என்னை மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்பியது. அடுத்த வருஷம் அதே கூண்டில் ஏறினேன். எதிர் வக்கீல் யார் சொல்லிக்கொடுத்தது என்றார், என்ன வாங்கினாய் என்றார். நான் அழவில்லை. ஐந்து பேரை வளர்த்தவள், எதுவும் வாங்கிப் பழக்கமில்லை என்று சொன்னேன்.

முடிந்ததும் தாளை நீட்டினார்கள். பின் பெஞ்சில் மாமி குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். "மெதுவா வாசிக்கணும். எனக்கு எழுத்து வராது."

ஜட்ஜி தலையசைத்தார். வாசித்தார்கள். ஒரு இடத்தில், வயதானதால் சாட்சிக்கு மறதி ஏற்பட்டது என்று வந்தது. நிறுத்தச் சொன்னேன். எனக்கு மறதி இல்லை, ஒன்றாம் தேதி இரண்டு வந்தது, அதைத்தான் எழுத வேண்டும் என்றேன். யாரோ சிரித்தார்கள். ஜட்ஜி சிரிக்கவில்லை. அடித்துவிட்டு மாற்றி எழுதினார்கள். மாற்றினதையும் வாசிக்கச் சொன்னேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியில் வந்து மாமி ஒரு பாராட்டும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் மட்டும் ஒன்று சொன்னார். அன்றைக்கு டைப் அடித்தாரே ஒரு தீர்ப்பு, அந்த ஆளின் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். என்ன ஆனான் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லையாம். இதையும் நான் முழுக்க நம்பவில்லை. கேட்டிருப்பார். பதில் தெரிந்திருக்கும். அதனால்தான் வெல்லத்தையும் கடுகையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது நான் பார்த்ததில்லை, தோன்றுவது.

பெரிய கோர்ட் தூக்கு வேண்டாம் என்றது. வேறு சாட்சியங்கள் இருந்ததால் ஆயுள் தண்டனை. அவன் பூஜப்புரை ஜெயிலில் இருக்கிறான். டீச்சரம்மா மகன் என்னோடு பேசுவதில்லை. நான் பணம் வாங்கினேன் என்று தெருவில் இரண்டு பேராவது நம்புகிறார்கள். நான் மாமியை நினைத்த மாதிரியே அவர்கள் என்னை நினைக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாமி போய் நாலு வருஷம் ஆகிறது. படுக்கையில் இருந்தபோது ஒருநாள் கேட்டேன்: "அவன்தான் செஞ்சானா மாமி?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதாக்கும் காரியம்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இப்போதும் டி.வி.யில் சின்னப் பிள்ளைகளைச் சீரழித்தவன் முகத்தைக் காட்டினால், தூக்கு என்றுதான் என் வாயில் முதலில் வருகிறது. வந்த பிறகு, பார்த்தயா, யாரானும் சொன்னாளா என்று காதில் கேட்கிறது. டி.வி.யை அணைத்துவிடுகிறேன்.

இவ்வளவும் நான் சொல்ல என் பேத்தி எழுதினாள். சாலைக் கடைத்தெருவில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். கடைசியில் பேனாவை வைத்துக்கொண்டு, "ஆச்சி, அப்போ அவன் செய்யலைன்னு எழுதட்டே? அப்பதான் கதை முடியும்" என்றாள். நான் அப்படிச் சொன்னேனா என்று கேட்டேன். இல்லை என்றாள். சொல்லாததை எழுதாதே என்றேன்.

மூடி வைக்கப் போனாள். இரு பிள்ளே. முதல்லேருந்து வாசி, மெதுவா. ஐப்பசி ஒண்ணு வார இடத்துல கொஞ்சம் நிறுத்து.